சின்னக் காரில் ஒற்றைப் படுக்கை: உப்புக்காற்றுக்கு ஏற்ற பலகை

ராமநாதபுரம் கடற்கரையில் காருக்குள் படுக்கப் பலகை செய்வதென்றால், மரம் ஆளைத் தாங்குமா என்பது சின்னக் கேள்வி. தாங்கும். இங்கே பலகையைக் கெடுப்பது ஆள் எடை இல்லை. உப்பு, புழுக்கம், மணல் இந்த மூன்றும்தான். மலைப்பக்கம் போகிறவர்கள் செய்யும் மூடிய பெட்டிப் படுக்கையை அப்படியே இங்கே கொண்டு வந்தால், மெத்தையின் அடிப்பக்கம் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும், முலாம் பூசிய ஸ்க்ரூ துரு ஒழுகும், கார்ப்பெட் காயவே காயாது. அதனால் இந்த வடிவத்துக்கு மூன்று நிபந்தனைகள்: அடியில் காற்று ஓட வேண்டும், எதுவும் வண்டி உடம்போடு முடுக்கப்படக் கூடாது, ஒரே ஆள் சில நிமிடத்தில் வெளியே எடுத்து வைக்கும்படி இருக்க வேண்டும்.

ஏன் ஒற்றைப் படுக்கை

வேகன் ஆர், பழைய சான்ட்ரோ மாதிரி கூரை உயர்ந்த சின்ன வண்டிகளுக்கான திட்டம் இது. இடது பக்கம் மட்டும் படுக்கை, 58 செ.மீ. அகலம், 178 செ.மீ. நீளம். ஓட்டுநர் சீட்டைத் தொடுவதே இல்லை. இரண்டு பேர் படுக்க முழு அகலமும் பலகை போடலாம்தான். ஆனால் ஓட்டுநர் சீட்டையும் முன்னால் தள்ளியாக வேண்டும். நடுராத்திரியில் கடலோரக் காவல்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி "வண்டிய எடுங்க" என்றால், பாதி வீட்டைக் கலைத்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியும். ஒற்றைப் படுக்கையில் எழுந்து நகர்ந்து உட்கார்ந்தால் போதும். வலது பக்கம் தண்ணீர் கேன், பை, அடுப்பு எல்லாவற்றுக்கும் இடம் மிச்சம்.

பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச் செய்தால் உயரம் கூடுதலாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். பதிவுச் சான்றில் இருக்கும் இருக்கை எண்ணிக்கையை நாமாக மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இடம் தராது. மடக்கிய சீட்டின் மேலேயே பலகையை உட்கார வைப்பதுதான் வழி. அது பலகைக்கு ஒரு தாங்கலாகவும் ஆகிறது. தரையில் துளை போட்டு போல்ட் அடிப்பதும் வேண்டாம். பெரும்பாலான சின்னக் கார்களில் பின் சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் டேங்க். அதைத் தப்பித்தாலும், துளையிட்ட தகடு இந்தக் காற்றில் அந்த ஓரத்திலிருந்துதான் துருப்பிடிக்கத் தொடங்கும்.

அளவெடுப்பு

வண்டியை மட்டமான தார்ச்சாலையில் நிறுத்துங்கள். பின் சீட்டை மடக்கி, முன் இடது சீட்டின் ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றி, சீட்டைக் கடைசி வரை முன்னால் தள்ளி, முதுகையும் முன்னால் சாயுங்கள். டிக்கிக் கதவை மூடி, உள்ளேயிருந்து கதவின் உள்பக்கத்துக்கும் அந்தச் சீட் முதுகுக்கும் இடையே அளக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்து அளந்தால் மூன்று நான்கு செ.மீ. கூடுதலாகக் காட்டும், அப்புறம் கதவு சாத்தாது. 178 கிடைத்தால் 170 செ.மீ. உயரம் வரை உள்ளவர் நிம்மதியாக நீட்டிப் படுக்கலாம். ஒரே பெயரில் வரும் வண்டியானாலும் ஆண்டுக்கு ஆண்டு உள் அளவு மாறும், ஆகவே இங்குள்ள எண்களை உங்கள் டேப்பை வைத்துச் சரி பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உயரம். டிக்கித் தரையிலிருந்து மடக்கிய சீட்டின் மிக உயர்ந்த இடம் வரை அளந்து, அதோடு 5 செ.மீ. சேர்த்தால் பலகையின் மேல்மட்டம். இந்தத் திட்டத்தில் அது 30 செ.மீ. அதற்கு மேல் ஒரு செ.மீ.கூட ஏற்ற வேண்டாம். அடியில் சாமான் வைக்க இடம் கிடைக்கும் என்று 40-க்குத் தூக்கினால் உட்கார்ந்து சட்டை மாற்றும்போதெல்லாம் தலை கூரையில் இடிக்கும். ஆல்ட்டோ மாதிரி கூரை தாழ்ந்த வண்டியில் இன்னும் மோசம்.

இடது சக்கரத்தின் மேல் வரும் புடைப்பு டிக்கியின் அகலத்தைத் தின்னும். அட்டைப்பெட்டியைப் பிரித்து, அந்த வளைவை வரைந்து வெட்டி ஒரு மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளையை (ப்ளைவுட் பலகையை) வெட்டிவிட்டு வண்டியில் வைத்துப் பார்ப்பது காசு போகும் வழி.

சரக்கு

12 மி.மீ. மரைன் ப்ளை, அதாவது ஈரம் தாங்கும் ப்ளைவுட், 6×4 அடி, ஒரே ஒரு ஷீட். மரைன் ப்ளைக்கான இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 710 முத்திரை இருக்க வேண்டும். கடையில் சதுர அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். 24 சதுர அடி. சாதாரண கமர்ஷியல் ப்ளை உள் அலமாரிக்குச் சரி, கடலோரப் புழுக்கத்தில் அடுக்கு பிரிந்துவிடும். 19 மி.மீ. வாங்கச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்தலாம். தேவையில்லை, எடைதான் ஏறும். 12 மி.மீ. ஷீட் சுமார் 17 கிலோ வரும்.

2 இன்ச்சுக்கு 1 இன்ச் ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) 20 அடி. வேம்பு அல்லது தேக்கு, நன்றாகக் காய்ந்தது. ரப்பர் மரம் வேண்டாம், துளைக்கும் பூச்சிக்குப் பிடித்தமானது.

எட்டாம் நம்பர் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, 30 மி.மீ. நீளம், நூறு எண்ணிக்கை. பலகைகளை இணைக்க 56 செ.மீ. நீள ஸ்டெயின்லெஸ் பியானோ கீல் (ஓரம் முழுக்க ஓடும் நீளக் கீல்) ஒன்று, 4 இன்ச் பித்தளை டவர் போல்ட் (கதவுத் தாழ்ப்பாள்) இரண்டு. ஃபெவிகால் மரைன் அரைக் கிலோ. 25 மி.மீ. ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் சரக்குப் பட்டை) இரண்டு. பழைய சைக்கிள் ட்யூப் ஒன்று, 10 மி.மீ. கெட்டி ரப்பர் பாய் கொஞ்சம்.

இரும்புச் சதுரக் குழாயில் சட்டம் பற்றவைக்கலாமே என்றால், 25×25 குழாய் மீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல். பற்றவைத்த மூலைகளில் பெயின்ட் நிற்காது, முதலில் அங்கேதான் துரு எட்டிப் பார்க்கும். அலுமினியம் எடை குறைவு. ஆனால் அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ நேரடியாக ஏறினால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்து வெள்ளை மாவாகும். ஒவ்வொன்றுக்கும் நைலான் வாசர் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். மரமே மேல்.

வெட்டு

ஷீட் 183×122 செ.மீ. முதலில் நீளவாக்கில் 58 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை. அதிலிருந்து படுக்கைப் பலகைகள்: பாதம் வரும் கால் பலகை 60, இடுப்புப் பலகை 60, தலைப் பலகை 58. இந்தப் பிரிப்பு கண்ணை மூடிக்கொண்டு போட்டதில்லை. படுத்திருப்பவரின் எடையில் பெரும்பங்கு இடுப்பில் இறங்கும். அது நடுப் பலகையின் மத்தியில், மடக்கிய சீட் முதுகின் மேல் வர வேண்டும். இணைப்பு இடுப்புக்கு நேரே வந்தால் எவ்வளவு மெத்தை போட்டாலும் உறுத்தும்.

மிச்சமுள்ள 63 செ.மீ. சொச்சம் அகலப் பட்டை, பலகையைத் தாங்கி நிற்கும் கால்களுக்கு. அதை 26.3 செ.மீ. அகலத்தில் இரண்டு வரிசையாக்குங்கள். முதல் வரிசையில் 56, 56, 54 செ.மீ. துண்டுகள். இரண்டாம் வரிசையில் ஒரு 54, பிறகு 45 செ.மீ. துண்டுகள் இரண்டு. ஓரத்தில் மிஞ்சும் 10, 11 செ.மீ. பட்டையிலிருந்து 50 செ.மீ. நீளத்தில் குறுக்குப் பட்டை இரண்டு. கடைசியில் மிஞ்சும் துண்டிலிருந்து 20×10 அளவில் இரண்டு. கடையிலேயே மெஷினில் நீளவாக்கு வெட்டுகளைப் போட்டு வாங்கிவிட்டால், வீட்டில் மிச்சத்தைக் கைரம்பத்தில் முடித்துவிடலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பம் 3 மி.மீ. தின்னும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

26.3 எங்கிருந்து வந்தது? மேல்மட்டம் 30, அதில் ப்ளை 1.2, அடியில் படுக்கையாக ஒட்டும் ரீப்பர் 2.5, இரண்டையும் கழித்தால் மிச்சம். உங்கள் உயரம் வேறென்றால் இதையே மாற்றிப் போடுங்கள்.

பிறகு துளைகள். ட்ரில்லில் மாட்டும் வட்ட ரம்பமான ஹோல் சா, 35 மி.மீ. போதும். ஒவ்வொரு பலகையின் அடியிலும் நீளவாக்கில் மூன்று ரீப்பர் வரும்: இரண்டு ஓரம், ஒரு நடு. அவற்றுக்கு இடைப்பட்ட இரண்டு பட்டைகளிலும் இரண்டிரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து, ஆகப் பலகைக்கு 20 துளை. முன் பின் ஓரங்களில் 6 செ.மீ. விட்டுவிடுங்கள். ஒரே பக்கமாகத் துளைத்தால் மறுபக்க அடுக்கு பிய்யும். பாதி துளைத்து, நடு ஊசி எட்டிப் பார்த்ததும் பலகையைத் திருப்பிப் போட்டு மீதியை முடிக்க வேண்டும்.

துளைகள் எதற்கு என்றால், ராத்திரி முழுக்க உடம்பிலிருந்து வரும் ஈரம் மெத்தை வழியாகக் கீழே இறங்கும். அடியில் மூடிய பலகை இருந்தால் அது குளிர்ந்து அங்கேயே நீராகத் தங்கும். ரீப்பரை மட்டும் வரிசையாக அடித்துக் கட்டில் சட்டம் போலச் செய்யலாமா? செய்யலாம். ஆனால் ஏறி இறங்கும்போது முழங்காலின் எடை முழுவதும் ஒரே சட்டத்தில் விழும், அதற்குத் தாங்கத் தடிமன் கூட வேண்டும், உயரம் போகும். துளையிட்ட ப்ளை அந்த எடையைப் பரப்பிவிடுகிறது.

பூச்சு

ப்ளையின் முகத்தை விட வெட்டு ஓரம்தான் தண்ணீர் குடிக்கும். அறுபது துளையின் உள்வட்டமும் வெட்டு ஓரம்தான். எல்லாவற்றையும் 120 உப்புத்தாளில் தேய்த்து, ஓரங்களுக்கு மட்டும் எபாக்சி அல்லது படகுக்குப் பூசும் ரெசின். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஃபைபர் படகுப் பட்டறைகள் இருப்பதால் ரெசினும் அதைப் பூசத் தெரிந்தவர்களும் கைக்கெட்டும் தூரத்தில். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ரெசினை இறுக வைக்க அதோடு தரும் கேட்டலிஸ்ட், ஆக்சிலரேட்டர் என்ற இரண்டு திரவங்களையும் தனியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகுதான் மற்றது. முகங்களுக்கு ஒரு கோட் வுட் பிரைமர், இரண்டு கோட் எனாமல். வெயிலில் ஒரு வாரம் காய்ந்த பிறகே வண்டிக்குள். அவசரப்பட்டால் மூடிய காரில் அந்த நெடி தலைவலி கொடுக்கும்.

சேர்ப்பது

ரீப்பருக்கு மரைன் பசை தடவி, 15 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ. முதலில் 3 மி.மீ. ட்ரில் போட்டு, ஸ்க்ரூ தலை உட்கார மேலே லேசாகக் குடைந்துகொள்ளுங்கள். நேரடியாக முடுக்கினால் வேப்ப ரீப்பர் நுனியில் பிளக்கும்.

கால் பலகையையும் இடுப்புப் பலகையையும் மேல்பக்கமாகப் பியானோ கீலில் இணைத்தால், முகத்தோடு முகம் மடங்கும். தலைப் பலகை தனி. இடுப்புப் பலகையின் முன் ஓரத்தில், ரீப்பர்களுக்கு இடையே, அந்த 20×10 துண்டுகளைப் பாதி வெளியே நீட்டி அடியில் ஒட்டி முடுக்குங்கள். தலைப் பலகை அந்த நாக்கின் மேல் உட்காரும். எடையை நாக்கு வாங்கிக்கொள்ளும். டவர் போல்ட் இரண்டும் அடியில் ஓர ரீப்பரில் வரும், அவற்றின் வேலை பலகை நழுவாமல் பிடிப்பது மட்டும். எடையையும் டவர் போல்ட்டே தாங்கட்டும் என்று விட்டால் தோள் பாரத்தில் அதன் தண்டு வளைந்து, பிறகு இழுத்தாலும் வராது.

டிக்கிக்குள் நிற்கும் கால்: 56 செ.மீ. துண்டு இரண்டும் குறுக்கே, 54 செ.மீ. துண்டு இரண்டும் நெடுக்கே. முனையிலிருந்து 6 செ.மீ. தள்ளி, 13 மி.மீ. அகலத்தில், பாதி உயரத்துக்குக் காடி வெட்டுங்கள். குறுக்குத் துண்டில் மேலிருந்து, நெடுக்குத் துண்டில் கீழிருந்து. ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கி, முட்டை அட்டைப்பெட்டியின் தடுப்பு மாதிரி நிற்கும். ஆணி, ஸ்க்ரூ எதுவும் இதில் இல்லை. காடியின் அகலம் 12 மி.மீ. என்று ப்ளையின் அளவுக்கே வெட்டினால் பெயின்ட் அடித்த பிறகு இறங்காது. காடிக்குள் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் கிறீச் சத்தமும் வராது. பிரேக் போடும்போது இந்தச் சட்டத்தைப் பலகை தாண்டிப் போகாமல், ஓர ரீப்பர்களின் அடியில் ரீப்பர் துண்டு நாலு கட்டையாக அடியுங்கள்.

தலைப் பலகைக்குக் கால், பின் சீட்காரர் கால் வைக்கும் பள்ளத்தில் நிற்கும். 45 செ.மீ. துண்டு இரண்டும் இரு ஓரம், நடுவே 50 செ.மீ. பட்டைகள் இரண்டு குறுக்கே. அந்தத் தரை டிக்கித் தரையை விடத் தாழ்வு, போதாததற்குச் சரிவு. அதனால் 45 என்பதைக் கடைசியில் வெட்டுங்கள்: மற்ற இரண்டு பலகையையும் இடத்தில் வைத்து, மட்டப்பலகை பிடித்து, ரீப்பர் அடிமட்டத்திலிருந்து தரைவரை இரு ஓரத்திலும் தனித்தனியாக அளந்து வெட்ட வேண்டும். வலது காலும் இடது காலும் ஒன்றரை செ.மீ. வித்தியாசப்பட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அடியில் ரப்பர் பாய்த் துண்டு ஒட்டுங்கள். முன் ஓரம் காலைத் தாண்டி 12 செ.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

வண்டிக்குள்

மடக்கிய சீட் முதுகு பெரும்பாலும் முன்பக்கம் தூக்கலாக இருக்கும். இடுப்புப் பலகைக்கும் அதற்கும் இடையே உள்ள இடைவெளியை ரப்பர் பாயால் நிரப்புங்கள். சரிவு அதிகமென்றால் ரீப்பரை ஆப்பாகச் செதுக்கி வைக்கலாம். இந்தத் தாங்கல் இல்லாமல் விட்டால் டிக்கிக் காலுக்கும் முன் காலுக்கும் இடையே பலகை தொய்ந்து, கீலின் ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளும்.

ராட்செட் பெல்ட் ஒன்றைப் பின் சீட் பெல்ட் பூட்டும் கொக்கியின் அடித்தகட்டில் கோத்து இடுப்புப் பலகையின் மேல் இறுக்குங்கள். இன்னொன்று டிக்கிக் கொக்கிக்கு. இருபது கிலோ சொச்சம் மரம் கட்டாமல் கிடந்தால், திடீர் பிரேக்கில் அது வந்து நிற்கும் இடம் முன்சீட்டின் முதுகு. வண்டி ஓடும்போது பலகையில் யாரும் உட்காரவோ படுக்கவோ கூடாது, குழந்தைகளுக்கும் இதுவே.

ப்ளையோடு ப்ளை தொடும் இடமெல்லாம் சைக்கிள் ட்யூப் பட்டை. ஸ்டெப்னி டிக்கித் தரைக்கு அடியில் இருக்கும் வண்டியில், பஞ்சரானால் எல்லாவற்றையும் தூக்கித்தான் எடுக்க வேண்டும். அதற்காகவே டிக்கிச் சட்டம் முடுக்காமல் விடப்பட்டிருக்கிறது. ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் மட்டும் முதலிலேயே வலது பக்கம் வந்துவிடட்டும்.

மெத்தை, வலை, காற்று

40 டென்சிட்டி ஃபோம், 2 இன்ச், பலகை அளவுக்கே மூன்று துண்டு. உறை பருத்தி, ரெக்சின் வேண்டவே வேண்டாம், முதுகு வெந்துவிடும். இலவம்பஞ்சு இந்த ஊர் வெக்கைக்குச் சுகம்தான், ஆனால் கடலோர ஈரத்தை வாங்கிக் கட்டி தட்டும். ஃபோமின் மேல் ஒரு கோரைப்பாய் விரித்தால் பாதிப் புழுக்கம் குறையும்.

தலை முன்பக்கம். முன் கதவுக் கண்ணாடி காதருகே வரும், சாவியும் ஹாரனும் கைக்கு எட்டும். கதவுக்கு வலை தைக்கும்போது தலையணை உறை வடிவில் தைத்து, கதவைத் திறந்து அதன் மேல் பாதி சட்டத்தில் மாட்டி மூடிவிட்டால் போதும்; காந்தமும் வேண்டாம், ஒட்டும் பட்டையும் வேண்டாம். காரங்காடு போன்ற அலையாத்திக் காட்டுப் பக்கம் போகிறவர்களுக்குச் சாதாரணக் கொசுவலை போதாது. கொசுவை விடப் பொடியான கடிப்பூச்சி அந்தக் கண்ணி வழியே நுழைந்துவிடும். ஜன்னலுக்கு அடிக்கும் நெருக்கமான நைலான் வலையாகப் பார்த்து வாங்குங்கள்.

எதிரெதிர்க் கண்ணாடிகள் இரண்டு மூன்று இன்ச் இறங்கியிருக்க வேண்டும். 5 வாட் யு.எஸ்.பி. ஃபேன் ஒன்றை 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஓட்டும்: 37 வாட்-மணி, இழப்பு போக முப்பது சொச்சம். விடியும் வரை வேண்டுமென்றால் 20,000. வெக்கை தாங்காமல் இன்ஜினை ஓட்டி ஏ.சி. போட்டுத் தூங்குவது உயிரோடு விளையாடுவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சைலன்சர் வாய் மணல்மேட்டையோ சீமைக்கருவேலப் புதரையோ ஒட்டியிருந்தால் ஆபத்து இரட்டிப்பு. காருக்குள் அடுப்பு மூட்டுவதும் அதே கதைதான்.

நிறுத்தும் இடம்

தனுஷ்கோடி அரிச்சல்முனைச் சாலையில் மாலைக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை, அங்கே ராத்தங்கல் கணக்கில் சேராது. மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் கடல் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, அந்தப் பக்கமே போக வேண்டாம். அரியமான், தேவிபட்டினம், தொண்டி, வாலிநோக்கம் எங்கேயானாலும் தங்கும் விடுதி வளாகத்திலோ பெட்ரோல் பங்க்கிலோ கேட்டுக்கொண்டு நிறுத்துவதுதான் தூக்கத்துக்கு நல்லது. தாரை விட்டு மணலில் நாலடி இறங்கினாலும் சின்னக் கார் புதையும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) கரையில் மணலும் நீர்த்தூளும் பறக்கும். அந்த மாதங்களில் வடகடல் (பாக் நீரிணை) பக்கம் பரவாயில்லை. வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கியதும் இது தலைகீழ். காற்று மெல்லியதாக இருந்தால் வண்டியைக் காற்றுக்குக் குறுக்காக நிறுத்துங்கள், இரு கண்ணாடி வழியும் ஓடும். பலத்த காற்றில் வண்டியின் பின்புறத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கதவு மேல் மழைத்தடுப்பு வைசர் இல்லாமல் இந்தப் படுக்கை பயன்படாது.

வீடு திரும்பியதும்

அன்றே எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பலகை, கீல், ஸ்க்ரூ தலைகளை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் சாய்த்து வையுங்கள். ஃபோம் வெயிலில். உறையும் பாயும் கைக்குப் பிசுபிசுத்தால் அது வெறும் ஈரமில்லை. உப்பு படிந்திருக்கிறது, அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அலசாமல் எத்தனை நாள் காய வைத்தாலும் ராத்திரி மறுபடி நமுத்துப்போகும். கார்ப்பெட்டுக்கும் இதே விதி. உப்பு நீர் சொட்டிய இடத்தில் நல்ல தண்ணீர் விட்டு ஒற்றி எடுக்காவிட்டால் அடித்தகடு அரிக்கும்.

முன் இடது சீட்டைப் பழைய இடத்துக்கு இழுக்கும் முன், அதன் தண்டவாளத்தில் சேர்ந்த மணலைப் பழைய பல்துலக்கியாலும் வாக்குவமாலும் எடுங்கள். மணலோடு இழுத்தால் தண்டவாளம் கீறி, பிறகு சீட் பாதியில் நிற்கும். அந்த இடத்தில் எண்ணெய் விட வேண்டாம், அடுத்த தடவை மணல் ஒட்டிக்கொள்ளும். சிலிக்கான் ஸ்ப்ரே லேசாக அடித்தால் போதும்.